பிள்ளையிடம் போதையைப் பற்றிப் பேசுவது எப்படி: ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டல் வரை

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் வீடுகள்தான் நிறைய. அதற்குள் பிள்ளைக்குப் பாடம் நடத்த வேறு ஆள் வந்துவிடுகிறான். தமிழ்நாட்டில் பள்ளி மாணவர் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் கஞ்சாவும் இல்லை, பிராந்தியும் இல்லை. உதட்டுக்கு அடியில் அடக்கும் புகையிலையான கூல் லிப்போ ஹான்ஸோதான். புகை கிடையாது, தள்ளாட்டம் கிடையாது, வகுப்பில் உட்கார்ந்துகொண்டே வைத்துக்கொள்ளலாம். அதனால் பேச்சையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், அதுவும் ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே. பதின்மூன்று வயதில் சிகரெட், வேப் என்கிற இ-சிகரெட், பீர். பதினைந்தை ஒட்டிக் கஞ்சாவும் மாத்திரையும். ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டும் வாரத்தில் எல்லாவற்றையும் இன்னொரு முறை.

நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. உங்கள் பையனுக்கு அந்தப் பெயர்கள் ஏற்கெனவே தெரியும். நீங்கள் பேசுவதால் அவன் புதிதாகத் தெரிந்துகொள்வது ஒன்றுதான்: இந்த விஷயத்தை வீட்டில் பேசலாம் என்பது. பெண் பிள்ளை இருக்கும் வீட்டிலும் இதே அட்டவணைதான். ‘நம்ம பொண்ணு அப்படியெல்லாம் இல்லை’ என்று பேசாமல் விட்டவர்கள் கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஓடிவருகிறார்கள்.

பேசும் முன் உங்கள் கணக்கைச் சரிபாருங்கள்

ஒரே ஒரு தகவல் தப்பாகச் சொல்லிவிட்டால் போதும், மீதி எதையும் பிள்ளை நம்பாது. ‘ஒரு தடவை கஞ்சா இழுத்தா பைத்தியம் பிடிச்சிடும்’ என்கிறீர்கள். அவன் வகுப்பில் இழுத்தவன் மறுநாள் கணக்குப் பரீட்சையில் தேறியிருப்பான். அதோடு உங்கள் பேச்சுக்கு மதிப்புப் போய்விட்டது.

பீரை எடுத்துக்கொள்வோம். ‘பீர்தானே, அது சரக்கே இல்லை’ என்பது பசங்க மத்தியில் வேதவாக்கு. கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 10 கிராம் சுத்த ஆல்கஹாலை ஓர் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராந்தி, விஸ்கி, ரம் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதில் 30 மில்லி ஓர் அளவு. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதாவது ஆறு அளவு. அதை இரண்டு பேர் பங்குபோடும் கட்டிங், ஆளுக்கு 90 மில்லி, மூன்று அளவு. இப்போது 650 மில்லி ஸ்ட்ராங் பீர் பாட்டிலைப் பாருங்கள். லேபிளில் 8 சதவீதம் என்று இருந்தால் உள்ளே 41 கிராம் ஆல்கஹால், அதாவது நான்கு அளவு. கட்டிங் அடித்தவனைவிட பீர் குடித்தவன் உள்ளே தள்ளியது அதிகம்! இதைப் பயமுறுத்தும் குரலில் சொல்ல வேண்டாம். பேப்பரில் பெருக்கிக் காட்டினாலே புருவம் உயரும். கல்லீரல் ஓர் அளவைக் கழிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எலுமிச்சைச் சாறு, மோர், கறுப்புக் காபி, தலைக்குக் குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது.

கஞ்சாவுக்கு வரும் வாதம், ‘அது மூலிகைப்பா, இயற்கை’. அரளி விதையும் இயற்கைதான் என்று மடக்கினால் சிரிப்பான், ஆனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். உண்மையைச் சொல்வதே நல்லது. மூளையில் திட்டமிடும், அடக்கிவைக்கும் பகுதி இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதில் அடிக்கடி இழுத்தால் ஞாபகமும் கவனமும் அடிவாங்கும். குடும்பத்தில் யாருக்காவது தீவிர மனநோய் இருந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். தாய்மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ அப்படி ஒன்று இருந்து வீட்டில் மூடி மறைத்திருந்தால், பிள்ளையிடம் திறந்து சொல்ல வேண்டிய நேரம் இதுதான். கஞ்சா சாக்லேட்டில் வேறொரு கண்ணி இருக்கிறது. புகை சில நிமிடத்தில் ஏறிவிடும்; தின்றது ஏற அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகும். ‘ஒண்ணும் ஆகலையே’ என்று இரண்டாவது துண்டைப் போடுகிறவன்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறான்.

வலிமாத்திரைகள்தான் எங்களைப் பொறுத்தவரை இன்று அதிகம் கவலைப்பட வேண்டியவை. டேபென்டடால் போன்றவை அறுவை சிகிச்சை வலிக்கு, மருத்துவர் சீட்டோடு கொடுப்பவை. ‘மாத்திரைதானே, டாக்டர் குடுக்குறதுதானே’ என்ற எண்ணமே வினை. இவை ஓப்பியாய்டு வகை, அதாவது அபினைப்போல வேலை செய்பவை. அளவு மீறினாலும், மதுவோடு சேர்ந்தாலும் மூச்சையே நிறுத்தும். ஒயிட்னர், தின்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் முகர்வது சிறு பிள்ளைகளிடம் உண்டு. அதில் முதல் தடவையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். இது ஒன்றுக்கு மட்டும் ‘ஒரு தடவை’ என்ற எச்சரிக்கை அப்படியே பொருந்தும். வேப்பைப் பற்றி ஒரு வரி போதும்: 2019 சட்டப்படி நாடு முழுக்க விற்பனை தடை, அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

எங்கே, எவ்வளவு நேரம்

‘வா, உக்காரு, உன்கிட்ட பேசணும்’ என்று ஹாலில் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசுவது விசாரணைக் கமிஷன். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடம்தான் தோது. கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது, ராத்திரி மொட்டை மாடியில், ட்யூஷனிலிருந்து வண்டியில் திரும்பும்போது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு வண்டியில் பேசினால் பாதி காதில் விழாது. நிறுத்தி ஒரு டீ சொல்லிவிட்டுப் பேசுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். வருஷத்தில் ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் பேசுவதைவிட, மாதத்தில் இரண்டு தடவை ஐந்தைந்து நிமிடம் பேசுவது வேலை செய்யும்.

தொடக்கத்தை அவனைப் பற்றி வைக்காதீர்கள், வெளியே பார்த்ததைப் பற்றி வையுங்கள். ஏழாம் வகுப்புப் பையனிடம் இப்படிப் போகலாம்:

“உங்க ஸ்கூல்ல கூல் லிப் வெக்கிற பசங்க இருக்காங்களாடா?”
“இருக்கானுங்கப்பா.”
“வெச்சா என்னா பண்ணுமாம்?”
“சுர்ருனு ஏறுமாம். தலை சுத்துமாம்.”
“ஆமா, அதுல இருக்குற நிக்கோடின் வேலை. புதுசா வெக்கிறவனுக்கு வாந்தியே வரும். அப்புறம் ஒடம்பு பழகிடும், அது இல்லேன்னா எரிச்சலா வரும்.”
“ஒருத்தன் டெய்லி நாலு வெக்கிறான்பா.”
“அவனுக்கு வாய் உள்ள எரியுதான்னு கேளு.”

இங்கே நிறுத்திவிடுங்கள். அடுத்த வாக்கியமாக உங்கள் வாயில் வந்து நிற்பது, ‘நீ வெச்சியா?’ என்ற கேள்வி. அன்றைக்குக் கேட்காதீர்கள். கேட்டால் இவ்வளவு நேரம் பேசியது பொறி என்று அவனுக்குத் தோன்றிவிடும். யார் அந்தப் பையன், அவன் அப்பா யார், டீச்சரிடம் சொல்லவா என்று துருவுவதும் அதே தப்பு. நாலு வைக்கிறவனின் பெயரை அவன் சொல்லாமல் விட்டது உங்களைச் சோதிக்கத்தான். நாலாவது, ஐந்தாவது பேச்சில் அவனே சொல்வான், அல்லது ‘எனக்கும் குடுத்தான்பா’ என்பான். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “குடுத்தப்போ என்ன சொன்ன?”

அந்தக் கேள்விக்குத்தான் உண்மையான பயிற்சி தேவை. ‘வேண்டாம்னு சொல்லிடு’ என்பது அறிவுரை, அதை வைத்துக்கொண்டு நாலு நண்பர்கள் நடுவில் எதுவும் செய்ய முடியாது. வாயில் வரக்கூடிய வசனம் வேண்டும். பழியை உங்கள் மேல் போட அனுமதி கொடுங்கள். “எங்கம்மா வீட்டுக்குள்ள நொழஞ்சதும் வாயை மோந்து பாக்கும்டா.” “நாளைக்கு மேட்ச் இருக்கு, கோச் கொன்னுடுவாரு.” “எனக்கு அலர்ஜி மாத்திரை ஓடுது, கலந்தா ஆஸ்பத்திரிதான்.” பொய்தானே என்று தயங்க வேண்டாம். இரண்டாவது தடவை வற்புறுத்தினால் என்ன சொல்வது, மூன்றாவது தடவைக்கு எப்படி இடத்தைவிட்டு நகர்வது என்பதையும் சேர்த்து ஒத்திகை பாருங்கள். நீங்களே நண்பன் வேஷம் போட்டு வற்புறுத்திப் பாருங்கள். சிரிப்பு வரும், வரட்டும்.

வீட்டுக்கான விதிகள்

விதி நாலைந்துக்கு மேல் போனால் யாருக்கும் நினைவிருக்காது. தெளிவாக, காரணத்தோடு, மீறினால் என்ன என்பதோடு சொல்லுங்கள். மீறலுக்கான தண்டனை சின்னதாக, உடனடியாக, உங்களால் நிறைவேற்றக்கூடியதாக இருக்கட்டும். ஒரு வாரம் வண்டி கிடையாது என்றால் ஒரு வாரம்தான். ‘வீட்டைவிட்டுத் துரத்திடுவேன்’ என்று சொல்லிவிட்டு ராத்திரி சோறு போடுகிறவர்கள்தான் நாம் எல்லோரும்; பிள்ளைக்கும் அது தெரியும்.

இதில் ஒரு விதி உங்களுக்கு: எந்த நேரமாக இருந்தாலும், எந்த நிலையில் இருந்தாலும் கூப்பிட்டால் வந்து அழைத்துக்கொள்வேன், அன்று இரவு ஒரு கேள்வியும் கிடையாது, பேச்சு மறுநாள்தான். இதற்கு ஒரு சங்கேத வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் நடுவில் இருந்துகொண்டே ‘பாட்டிக்கு மாத்திரை வாங்கிட்டீங்களா?’ என்று கேட்டால், ‘ஐயையோ, நீ உடனே வா’ என்று நீங்கள் கத்த வேண்டும். அன்று இரவு நீங்கள் வாயைத் திறந்து திட்டிவிட்டால், அடுத்த தடவை அவன் குடித்த நண்பனின் பைக்கில் பின்னால் ஏறுவான்.

வீட்டு மருந்துப் பெட்டியை எண்ணிவையுங்கள். தாத்தாவின் தூக்க மாத்திரை, அம்மாவின் ஆபரேஷனுக்குப் பின் மிஞ்சிய வலிமாத்திரை, இருமல் மருந்து எல்லாம் பூட்டுக்குள் போகட்டும்; மிஞ்சியதை வைத்திருக்காதீர்கள்.

அப்பா குடிக்கிற வீட்டில் என்ன செய்வது? இதைத் தாண்டிப் போகிற வழிகாட்டியால் பாதி வீடுகளுக்குப் பயனில்லை. ‘அப்பா பெரியவர், நீ சின்னவன்’ என்பதை எந்தப் பிள்ளையும் ஏற்காது. குடிக்கிற அப்பாவே வாயைத் திறந்து, “எனக்கு இது பழக்கமாயிடுச்சுடா, விட முடியாம கஷ்டப்படுறேன்” என்று சொல்வது, குடிக்காத ஒருவரின் பத்து உபதேசத்துக்குச் சமம். குறைந்தபட்சம் இரண்டை நிறுத்த வேண்டும். பிள்ளையை சைடிஷ், சோடா, சிகரெட் வாங்க அனுப்புவது. விசேஷத்தில் ‘ஒரு சிப் குடிச்சுப் பாரு, ஆம்பளையாகு’ என்று மாமன் மச்சான் நீட்டுவது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, 77ஆம் பிரிவின்படி 18 வயது ஆகாதவருக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால் 7 ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். மச்சானுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் மது வாங்கும் வயதே 21.

சந்தேகம் வந்தால்

பதினைந்து வயதில் கதவைச் சாத்திக்கொள்வதும் முறைப்பதும் மத்தியானம்வரை தூங்குவதும் வயசுக் கோளாறு, போதை என்று ஆகாது. ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு வாரம் கவனித்து, மூன்று நான்கு சேர்ந்து வருகிறதா பாருங்கள். பழைய நண்பர்கள் மொத்தமாக மாறுவது, விளையாட்டை விடுவது, சில்லறையில் தொடங்கி இயர்போன், செயின் என்று பொருள் காணாமல் போவது, தெரியாத எண்களுக்குச் சின்னச் சின்னத் தொகையாக ஜிபே போவது. கண் சிவப்பும் அகோரப் பசியும் எப்போதும் பையில் கண் சொட்டு மருந்தும் இருந்தால் கஞ்சா. வெளிச்சம் குறைந்த அறையிலும் கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கி, பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கினால் ஓப்பியாய்டு மாத்திரை. கோடையில் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுத்தால் ஊசித் தழும்பு இருக்கிறதா என்று யோசியுங்கள். உதட்டுக்குள் வெள்ளையாக, சுருங்கின தோலாக இருந்தால் புகையிலை. பாக்கும் சேர்த்துப் போடுகிறவனுக்குப் போகப் போக மூன்று விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. மூக்கைச் சுற்றிப் பொரிப்பொரியாகவும் உடையில் பெயின்ட் வாடையாகவும் இருந்தால் முகர்வது.

மருந்துக்கடையில் சிறுநீர்ப் பரிசோதனைக் கிட் வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்போம். எப்போதோ ஒரு தடவை இழுத்த கஞ்சா மூன்று நாளில் போய்விடும், தினம் இழுத்தது வாரக்கணக்கில் நிற்கும், அதனால் ‘எப்போது’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஓப்பியம் (அபின்) வகைக்கான சாதாரண பரிசோதனைப் பட்டை டேபென்டடாலைக் காட்டாது. முகர்வதும் தெரியாது. ‘இல்லை’ என்று வந்தால் நீங்கள் ஏமாறுவீர்கள், ‘ஆம்’ என்று வந்தால் அவன் அடுத்த தடவைக்குத் தயாராவான். பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், பையனுக்குத் தெரிந்தே.

ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு பொட்டலம்

கவராயத்துக்கும் பாகைமானிக்கும் அடியில் மடித்து வைத்த காகிதம், உள்ளே பச்சையும் பழுப்புமாகத் தூள். கை நடுங்கும். அந்தப் பத்து நிமிடத்தில் செய்யக்கூடாதவைதான் முக்கியம். பள்ளி வாசலுக்கு ஓடாதீர்கள், வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அக்கா தங்கைக்கு அனுப்பாதீர்கள். பொருளை நீங்களே கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் கணவனும் மனைவியும் தனியாகப் பேசி, யார் பேசுவது, என்ன கேட்பது என்று ஒத்துப்போங்கள். ஒருவர் அடிக்க, மற்றவர் ஓடிவந்து மறைத்து, ராத்திரி ரகசியமாகக் காசு கொடுக்கும் வீட்டில் எந்த வைத்தியமும் எடுபடாது. பிள்ளை அப்போது போதையில் இருந்தால் பேச்சே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். மறுநாள் பசி தீர்ந்த பிறகு, கதவைச் சாத்திவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள்: “உன் பாக்ஸ்ல இது இருந்துச்சு. எனக்குப் பயமா இருக்கு. எப்பலேர்ந்துன்னு சொல்லு.” பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவன் பேச இரண்டு நிமிடம் ஆகலாம், அந்த மௌனத்தைத் தாங்குங்கள். ‘என்னது இல்லை, பிரெண்டோடது’ என்றுதான் முதலில் வரும். வாதாட வேண்டாம். “சரி. அவன் உன்கிட்ட ஏன் குடுத்தான்?” என்று போங்கள்.

கேட்டு அறிய வேண்டியவை: என்ன, எத்தனை நாளுக்கு ஒரு தடவை, தனியாகவா கூட்டத்திலா, காசு எங்கிருந்து, அது இல்லாவிட்டால் உடம்பு என்ன செய்கிறது. அப்புறம் எல்லாவற்றையும்விட முக்கியமானது, அது அவனுக்கு எதைக் கொடுக்கிறது. தூக்கம் வரவா, பயம் தெரியாமல் இருக்கவா, வகுப்பில் கேலி செய்கிறார்களா? பதிலில்தான் வைத்தியம் இருக்கிறது.

கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்குவது, கோயிலில் கயிறு கட்டுவது நம் வழக்கம். தானாக விரும்பிக் கட்டுகிற பெரியவருக்கு அது துணையாகலாம். வற்புறுத்திச் சத்தியம் வாங்கிய பிள்ளையோ, ஒரு தடவை தவறினாலும் சாமிக் குற்றம் என்ற பயத்தில் உங்களிடம் வாயே திறக்காது. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் ‘குடி மறக்கும் பொடி’ வேறு வகை ஆபத்து. அதில் டைசல்ஃபிராம் என்ற குடிநிறுத்த மருந்து இருந்தால், தெரியாமல் அதன்மேல் குடிக்கிறவருக்கு முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே உலை வைக்கும்.

அந்த ராத்திரி

எழுப்பினால் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, அல்லது இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து நொடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம், வலிப்பு: இதில் எது இருந்தாலும் 108. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மேல்பக்க முழங்காலை மடக்கி முன்னால் ஊன்றி, வாய் தரையைப் பார்க்கும்படி. மல்லாந்து படுத்தவர் தன் வாந்தியிலேயே மூச்சடைத்துப் போகிறார். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மோர், உப்புத் தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். ‘தூங்கினா தெளிஞ்சிடும்’ என்று விட்டுவிடவும் கூடாது. வயிற்றில் இருக்கும் சரக்கு தூங்கிய பிறகும் ரத்தத்தில் ஏறிக்கொண்டேயிருக்கும். மாத்திரை அட்டை, பாட்டில் கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள். என்ன சாப்பிட்டான் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். குடித்த மறுநாள் பார்வை மங்கினால் அது கள்ளச்சாராயத்தில் இருக்கும் மெத்தனால் என்ற விஷமாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது அதுதான். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

எங்கே போவது

14446 போதை மீட்புக்கான தேசிய இலவச எண்; பெற்றோரும் கூப்பிடலாம். மனநல ஆலோசனைக்கு 14416, புகையிலை விட 1800112356, சிறுவர் பாதுகாப்புக்கு 1098, தமிழ்நாட்டு மருத்துவ ஆலோசனைக்கு 104. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவே நல்ல தொடக்கம். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போதை மீட்புக்கென்றே இருப்பது. தினம் குடிக்கிற அளவுக்குப் போனவனை வீட்டில் பூட்டிவைத்துச் சட்டென்று நிறுத்த வேண்டாம். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும் முன் மூன்று கேள்வி. மாநில மனநல ஆணையத்தில் பதிவு எண் இருக்கிறதா? 18 வயதுக்குக் கீழானவர்களைப் பெரியவர்களோடு சேர்க்காமல் தனியாக வைக்கிறார்களா? பெற்றோர் போய்ப் பார்க்கலாமா? ‘மூணு மாசம் பாக்கவே கூடாது’ என்றாலோ, ராத்திரியில் ஆள் வந்து தூக்கிப் போவோம் என்றாலோ திரும்பி வந்துவிடுங்கள். சங்கிலி போடுவது மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் 2017இல் தடை செய்யப்பட்டது.

போலீஸ் பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு: போதைப்பொருள் சட்டம் 1985இன் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமையானவர், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். பள்ளிக்கு அருகே விற்கும் கடையைப் பற்றிச் சொல்ல 10581 எண்ணைக் கூப்பிடலாம். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது. உங்கள் பிள்ளை சொன்ன தகவலை வைத்துப் புகார் செய்தால், அவன் பெயர் வெளியே வராது என்பதை அவனிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

விட்ட பிறகு முதல் மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது சறுக்குவது சகஜம். அன்று கேட்க வேண்டியது: எங்கே இருந்தாய், யார் கூட, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்ன நடந்தது. பதிலை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லி, அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது எடுத்துப் போங்கள். பெரும்பாலும் ஒரே தெருமுனை, ஒரே நண்பன், ஒரே சனிக்கிழமை சாயங்காலம் என்று திரும்பத் திரும்ப வரும். அந்தச் சனிக்கிழமைக்கு வேறு வேலை வைக்கலாம்.